உங்கள் தாத்தா எதனால் இறந்தார்?

இந்த வாரம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் தாத்தா எந்த வயதில் இறந்தார்? எதனால் இறந்தார்? பாட்டி? தாத்தாவின் தம்பி? அம்மாவின் மூத்த அக்காள்?

வானொலியில் ஒரு காலை நிகழ்ச்சியில் இதே கேள்வியை நேயர்களிடம் கேட்டேன். அழைத்தவர்கள் எல்லாரும் பாசத்தோடு பேசினார்கள். தாத்தா வைத்திருந்த சைக்கிள், பாட்டி சுட்ட அதிரசம், எல்லாம் நினைவில் இருக்கிறது. ஆனால் "எதனால் இறந்தார்?" என்றதும் குரல் தடுமாறுகிறது. "திடீர்னு போயிட்டாரு." "படுத்தவரு எழுந்திரிக்கல." "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு." "ராத்திரி வேலை முடிஞ்சு வரும்போது முனி அடிச்சிடுச்சுன்னு சொல்வாங்க." நோயின் பெயரைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எங்கள் குடும்பமே ஒருநாள் மருத்துவர் முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

26 வயதில் இரத்தக் கொதிப்பா?

நான் ரிங்லெட்டில் பிறந்தவள். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் கேமரன் மலையில் முதலில் வரும் ஊர் எங்களுடையது. 1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குப் பின் தமிழ்நாட்டிலிருந்தும், கீழே உள்ள ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் ஏறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இன்று எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் ஈப்போவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இருக்கிறோம்.

என் சித்தப்பா மகனும் அப்படித்தான். வயது 26. ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. ஒல்லியான உடம்பு, புகைப்பழக்கம் இல்லை, வாரம் இருமுறை ஃபுட்சால் விளையாடுவான். புது வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். இரத்த அழுத்தம் 178/112 என்று காட்டியது.

"டென்ஷனா இருப்பீங்க, கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று முதலில் பார்த்த இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் ஒரு மாத்திரை. பிறகு இரண்டு. பிறகு மூன்று. அழுத்தம் 150-க்குக் கீழே இறங்கவே இல்லை. இரவில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. அடிக்கடி சிறுநீர். மாடிப்படி ஏறினால் கால் துவண்டுபோகும் சோர்வு. "வயசுப் பிள்ளைக்கு என்னடா களைப்பு? ராத்திரி போனை நோண்டாம தூங்கு" என்று சித்தி திட்டுவார்.

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இப்படியே ஓடியது. கடைசியில் ஓர் இளம் மருத்துவர் இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்த்தார். மிகக் குறைவு. உடனே சுரப்பி நோய் நிபுணரிடம் அனுப்பினார். அந்த நிபுணர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று இது: "உங்க குடும்பத்துல 40 வயசுக்குள்ள யாருக்காவது மூளையில இரத்தக் கசிவு, பக்கவாதம் வந்திருக்கா? சின்ன வயசுலயே யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

சித்தப்பா என் அப்பாவைப் பார்த்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு 9 வயது, சித்தப்பா கைக்குழந்தை. இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான்: "முனி அடிச்சது."

உப்புதான் கதாநாயகன்

நிபுணர் ஏன் அப்படிக் கேட்டார்? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் உள்ளே போவோம்.

நம் நாட்டில் இரத்தக் கொதிப்பு புதிய செய்தி அல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 10 பேருக்கு 3 பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே அப்போது தெரியவில்லை. பெரும்பாலோருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. வயது, எடை, உப்பு, உட்கார்ந்த வேலை, அப்பா அம்மாவிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்த பல மரபணுக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டுக்கணக்கு அது.

ஆனால் 100 பேரில் 5 முதல் 10 பேருக்காவது பின்னால் ஒரு குறிப்பிட்ட காரணம் ஒளிந்திருக்கும். 30 வயதுக்குள் வந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளும் மிகச் சிலருக்கு, ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழையே முழுக் காரணமாக இருக்கும்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பை எடைபோட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும். அதில் 99 விழுக்காட்டுக்கும் மேலானதை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்ற கடைசிக் கட்டளையைக் கொடுப்பது அல்டோஸ்டீரோன் என்ற சுரப்புநீர். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து அது வருகிறது. அல்டோஸ்டீரோன் கூடினால் உப்பு உடம்பில் தங்கும், கூடவே தண்ணீரும் தங்கும், குழாயில் அழுத்தம் ஏறும். உப்பை உள்ளே இழுக்கும் அதே இடத்தில் பொட்டாசியம் வெளியே போய்விடும். தம்பிக்குத் தசைப்பிடிப்பும் சோர்வும் வந்தது அதனால்தான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டன் என்ற அறிவியலாளர், சிறுவயதிலேயே இரத்தக் கொதிப்பு வரும் குடும்பங்களைத் தேடித் தேடி ஆராய்ந்தார். ஒவ்வொரு குடும்பத்திலும் பிழை வேறு வேறு மரபணுவில் இருந்தது. ஆனால் அவர் கண்ட பிழைகள் எல்லாம் ஒரே வாசலில் போய் நின்றன: சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதம். நம் வீட்டில் "உப்பைக் குறை" என்று சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய அறிவியல் நிற்கிறது.

சில குடும்பங்கள், சில பிழைகள்

1963-இல் அமெரிக்காவில் கிராண்ட் லிடில் என்ற மருத்துவர் 16 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். கடும் இரத்தக் கொதிப்பு, குறைந்த பொட்டாசியம். அல்டோஸ்டீரோன் கூடியிருக்கும் என்று பார்த்தால், அது மிகக் குறைவாக இருந்தது! உடன்பிறந்தவர்களுக்கும் இதே நிலை. பிழை கட்டளையில் இல்லை, உப்பு நுழையும் கதவே சாத்தாமல் திறந்து கிடந்தது என்பது 1994-இல்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழந்து, 1989-இல் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். இரத்த அழுத்தம் சரியாகிவிட்டது. குற்றவாளி சிறுநீரகத்துக்குள்தான் இருந்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்று இந்த நோயை 'லிடில் நோய்' என்கிறார்கள். அமிலோரைடு என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை அந்தக் கதவைச் சாத்திவிடும்.

இன்னொரு வகையில், பக்கத்துப் பக்கத்து வீடுகள் போல இருக்கும் இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்துவிடுகின்றன. விளைவு, தவறான கட்டளைக்கெல்லாம் அல்டோஸ்டீரோன் சுரக்கும். லிஃப்டன் குழு 1992-இல் இதைக் கண்டுபிடித்தது. இந்தக் குடும்பங்களில் சிலருக்கு மூளை இரத்தக்குழாய் வீங்கி வெடிக்கிறது. அப்படி நேர்ந்தவர்களின் சராசரி வயது 32-ஐ ஒட்டி இருந்ததாக 1998-இல் வந்த ஆய்வு சொன்னது. மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரையே இதற்கு மருந்து. எங்களிடம் நிபுணர் "40 வயசுக்குள்ள பக்கவாதம்?" என்று கேட்டது இதை மனத்தில் வைத்துத்தான்.

2000-இல் வெளியான இன்னொரு கண்டுபிடிப்பு பெண்களுக்கு முக்கியமானது. அல்டோஸ்டீரோனை ஏற்கும் பூட்டில் ஒரு சிறு மாற்றம் இருந்தால், கர்ப்பகாலத்தில் கூடும் புரோஜெஸ்டீரோனும் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கர்ப்பம் தரித்தாலே அழுத்தம் எகிறியது.

துருக்கியின் கருங்கடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், 1973-இல் நிகாத் பில்கின்துரான் என்ற மருத்துவர் ஒரு வினோதத்தைக் கண்டார். ஒரே குடும்பத்தில் யாருக்கெல்லாம் விரல்கள் குட்டையாக இருந்தனவோ அவர்களுக்கெல்லாம் கடும் இரத்தக் கொதிப்பு. சிகிச்சை எடுக்காதவர்கள் 50 வயதுக்குள் பக்கவாதத்தில் போனார்கள். பொறுப்பான மரபணுவைக் கண்டுபிடிக்க 2015 வரை ஆனது. 42 ஆண்டுத் தேடல்! உடனே எல்லாரும் விரலைப் பார்க்காதீர்கள். குட்டை விரல் மட்டும் நோய் அல்ல. ஆனால் ஒரு குடும்பம் முழுக்க ஓடும் அடையாளத்தை ஒரு மருத்துவர் கவனித்ததால்தான் கதை தொடங்கியது.

இவை எல்லாம் அபூர்வம். இவற்றைவிட அதிகமாகக் காணப்படும் பரம்பரைக் காரணம் ஒன்று உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் கொத்துக் கொத்தாக வளரும் நோய். அப்பா அல்லது அம்மாவுக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு. சிறுநீரகம் கெடுவதற்கு வெகுகாலம் முன்பே, 20, 30 வயதில் இரத்த அழுத்தம் கூடியிருக்கும். "எங்க மாமா டயாலிசிஸ் பண்ணிட்டிருந்தாரு" என்ற ஒரு வரி போதும், மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவார்.

பேயோட்டப் போன வீடுகள்

அட்ரீனல் சுரப்பியில் வரும் இன்னொரு வகைக் கட்டி அட்ரினலின் போன்ற சுரப்புநீரை விட்டுவிட்டுக் கொட்டும். அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், தலை வெடிப்பது போல வலிக்கும், வியர்த்து ஊற்றும், முகம் வெளுக்கும், கை நடுங்கும், காரணமே இல்லாமல் பயம் கவ்வும். சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இந்தக் கட்டி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரை மரபணுப் பிழையால் வருகிறது.

இந்த அறிகுறிகளை மருத்துவர் சொல்லக் கேட்டபோது எனக்கு எங்கள் லயத்து வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. படபடத்து, வியர்த்து, நடுங்கி, பயந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உட்கார்பவரை எங்கே அழைத்துப் போவோம்? வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு பூசாரியிடம்தானே? சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு, அப்படியே இரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். அரசு கிளினிக்கில் நமக்கு ஒரு வெள்ளிதான்.

அதிமதுரம் வைத்திருக்கிறீர்களா?

எங்கள் தொழிலில் தொண்டைதான் சோறு போடுகிறது. அதனால் அறிவிப்பாளர்கள் பலரின் பையில் அதிமதுரத் துண்டு இருக்கும். என் பையிலும் இருந்தது. அதைப் பற்றி மருத்துவர் சொன்னது சுவாரசியமானது.

நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்புநீர் உண்டு. அதற்கும் அல்டோஸ்டீரோனின் பூட்டைத் திறக்கும் சாவி கையில் இருக்கிறது. ஆனால் சிறுநீரகத்தில் காவல்காரன் போல ஒரு நொதி நின்று கார்ட்டிசாலை உள்ளே விடாமல் தடுக்கிறது. இந்தக் காவல்காரனே பிழையோடு பிறக்கும் மிக அபூர்வமான பரம்பரை நோய் ஒன்று உண்டு. குழந்தைப் பருவத்திலேயே இரத்தக் கொதிப்பு வந்துவிடும். இதற்கான மரபணுப் பிழையை 1995-இல் கண்டுபிடித்தார்கள்.

அதிமதுரத்தில் உள்ள ஒரு சத்து இதே காவல்காரனைத் தூங்க வைக்கிறது. 1946-இல் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு சாப்பிட்டவர்களுக்கு உடம்பு வீங்குவதைக் கவனித்து எழுதினார். காரணம் புரிய 40 ஆண்டுகள் ஆயின. இருமலுக்கு ஓரிரு நாள் ஒரு துண்டு மெல்வதால் ஒன்றும் ஆகாது. ஆனால் தினமும் கஷாயமாகவோ பொடியாகவோ வாரக்கணக்கில் எடுப்பவர்களுக்கு, குறிப்பாக ஏற்கனவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு, அழுத்தம் கூடலாம், பொட்டாசியம் குறையலாம். "நாட்டு மருந்துதானே" என்று மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

இந்தக் காவல்காரன் நோய் பிள்ளைக்கு வர வேண்டுமானால் அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒரே பிழை வர வேண்டும். சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளைக் கட்டிய எல்லாருக்கும் இப்படி ஆகும் என்பதல்ல. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். ஆனால் சொந்தத்தில் கட்டியவர்கள் பிள்ளைக்கு ஏதாவது நோய் என்றால், அந்த உறவு முறையை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

அத்தை சொன்ன பதில்

எங்கள் கதைக்கு வருவோம். நிபுணரின் கேள்விக்குப் பதில் தேடி நான் ரிங்லெட்டுக்கு ஏறினேன். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் அத்தை. தாத்தா இறந்தபோது அவருக்கு 15 வயது. அவரும் அன்று மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"முனியும் இல்ல, கினியும் இல்ல" என்றார் அத்தை. "அப்பாவுக்கு ரெண்டு மூணு வருஷமாவே தலைவலி. காலையில எந்திரிச்சா பின்மண்டை வலிக்குதும்பாரு. துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போவாரு. அன்னைக்கு நிறுவைக்குக் கூடையை இறக்கி வச்சாரு. வாந்தி எடுத்தாரு. வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு. தண்டல் ஆள விட்டு டிரசரைக் கூட்டியாந்தாங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. 39 வயசு."

"பிறகு ஏன் அத்தை முனின்னு சொன்னாங்க?"

"பாட்டிதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. நோய்னு சொன்னா எங்களை யாரு கட்டுவா? அஞ்சு பொட்டைப் பிள்ளைங்க."

நான் அதை எழுதிக்கொண்டேன். 1967, வயது 39, நாள்பட்ட தலைவலி, வாந்தி, வாய் கோணல், அன்றே மரணம். நிபுணருக்கு அந்த நாலு வரி போதுமானதாக இருந்தது. தம்பிக்குப் பரம்பரை வகைக்கான மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். கூடவே சித்தப்பா, அப்பா, தம்பியின் தங்கை, நான் எல்லாரும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டோம்.

பரிசோதனையில் பரம்பரைப் பிழை இல்லை என்று வந்தது. தம்பியின் இடது அட்ரீனல் சுரப்பியில் ஒரு சிறு கட்டி. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதுதான் ஓயாமல் அல்டோஸ்டீரோனைச் சுரந்துகொண்டிருந்தது. துளையிட்டுச் செய்யும் அறுவையில் அந்தச் சுரப்பியை எடுத்தார்கள். இன்று மாத்திரை இல்லாமலே 124/80-இல் நிற்கிறான். ஃபுட்சாலும் தொடர்கிறது. தாத்தாவுக்கு எதனால் கொதிப்பு வந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய இரத்தம் மலையிலேயே மண்ணாகிவிட்டது.

நம் நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி

தம்பிக்கு வந்த வகையை 1955-இல் முதலில் விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான். நெடுங்காலம் இது அபூர்வம் என்றே நினைத்தார்கள். உண்மையில் இரத்தக் கொதிப்பு உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது. 2025-இல் வெளிவந்த எண்டோகிரைன் சொசைட்டியின் வழிகாட்டல், இரத்தக் கொதிப்பு உள்ள எல்லாருக்குமே அல்டோஸ்டீரோன், ரெனின் என்ற இரண்டையும் ஒருமுறை பார்க்கலாம் என்கிறது.

இந்தக் கட்டிகளுக்குள்ளும் மரபணுப் பிழைதான். ஆனால் அது தாத்தாவிடமிருந்து வந்ததல்ல, பிறந்த பிறகு அந்தச் சுரப்பியின் ஓர் அணுவில் மட்டும் நேர்ந்த பிழை. பிள்ளைகளுக்குப் போகாது. அந்தப் பிழைகளில் இரண்டை 2013-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு மலேசியப் பெண்: எலேனா ஆயிஷா அஸிஸான். கேம்பிரிட்ஜில் மோரிஸ் பிரவுன் குழுவோடு செய்த ஆராய்ச்சி அது. பின்னர் யூ.கே.எம். என்று நாம் சொல்லும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 2021-இல் அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. பூப்பெய்தும் காலம், கர்ப்பகாலம், மாதவிடாய் நிற்கும் காலம் ஆகியவற்றில் வெளிப்படும் கட்டிகளைப் பற்றியது அது. பாடநூலில் எங்கோ வெளிநாட்டில் நடப்பதாகப் படிப்பதில் ஒரு பங்கு நம் நாட்டிலேயே நடக்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

இதைப் படித்துவிட்டு, பிரஷர் உள்ள ஒவ்வொருவரும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். முதலில் அளவைச் சரியாக எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். கிளினிக்கில் 140/90, வீட்டில் 135/85, இவற்றுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது இரத்தக் கொதிப்பு.

அதன் பிறகு இவற்றில் ஏதாவது பொருந்துகிறதா பாருங்கள்:

- வயது 30-க்குள், உடல் பருமனும் இல்லை.
- மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை.
- பொட்டாசியம் குறைவு, அடிக்கடி தசைப்பிடிப்பு, காரணமில்லாத சோர்வு.
- விட்டுவிட்டு வரும் படபடப்பு, தலைவலி, வியர்வை.
- நெருங்கிய சொந்தத்தில் 40 வயதுக்குள் பக்கவாதம் அல்லது திடீர் மரணம்.
- குடும்பத்தில் சிறுநீரகக் கட்டிகள் அல்லது அட்ரீனல் கட்டி.
- கர்ப்பகாலத்தில் வழக்கத்தைவிட முன்னதாகவே ஏறிய அழுத்தம்.

ஒன்று பொருந்தினாலும் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "டாக்டர், வேற காரணம் இருக்குமா? பொட்டாசியமும் அல்டோஸ்டீரோன், ரெனினும் பார்க்கலாமா?" அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தேவைப்பட்டால் புத்ராஜெயா மருத்துவமனையின் சுரப்பி நோய்ப் பிரிவு, கோலாலம்பூர் மருத்துவமனையின் மரபியல் துறை போன்ற இடங்களுக்கு அவர்களே கடிதம் கொடுப்பார்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இப்போது சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உப்பைக் குறைக்கும் வேலை எல்லாருக்கும் பொது. 2018-இல் முடிந்த ஓர் ஆய்வு, மலேசியர் ஒருவர் நாளைக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்றது. உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் என்கிறது. கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பு, மெகி மீ பொட்டலத்துத் தூள், எல்லாம் கணக்கில் சேரும்.

மறைத்தால் யாருக்கு நட்டம்?

தம்பியின் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. "அவன் ஆப்பரேஷன், தாத்தா செத்த கதை, எதையும் மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விடாதீங்க" என்று சித்தி எல்லாரையும் எச்சரித்தார். சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டி செய்ததைத்தான் அவரும் செய்தார். பெண் பிள்ளையை வைத்திருப்பவர்களின் பயம் அது.

தங்கைதான் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே, காப்பித் தட்டை வைத்துவிட்டு, அவளே எல்லாவற்றையும் சொன்னாள். தன் பரிசோதனை நன்றாக இருந்ததையும் சொன்னாள். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்க அண்ணனுக்கும் 44 வயசுலயே கிட்னி போச்சும்மா. நீர்க்கட்டின்னாங்க. நாங்களும் யாருகிட்டயும் சொன்னதில்ல. தம்பியும் ஒருதடவை பார்த்துக்கணுமோ?"

இரண்டு வீட்டிலும் ஒரே மௌனம்தான் இத்தனை நாளும் குடியிருந்திருக்கிறது. திருமணம் தை மாதத்தில் நடக்கிறது. மாப்பிள்ளை ஸ்கேன் எடுத்துவிட்டார். சிறுநீரகத்தில் கட்டி எதுவும் இல்லை.

வாசகர்களே, இந்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மூன்று தலைமுறை எழுதுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, என்னென்ன நோய், எந்த வயதில் வந்தது, இறந்திருந்தால் எந்த வயதில், எப்படி. "முனி அடிச்சது" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்தாதீர்கள். தலைவலி இருந்ததா, வாய் கோணியதா, நெஞ்சைப் பிடித்தாரா என்று கேளுங்கள். கேட்க வேண்டியவர்களுக்கு இப்போது 70, 80 வயது. தீபாவளி வரட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போடுங்கள்.

அந்த நோட்டு உங்கள் பிள்ளைக்கு ஒருநாள் மருத்துவரின் மேசையில் தேவைப்படலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.